அடுப்பு யாருடையது?

2025 மே மாதம் நம் ஒட்டுக்கடைகளில் திடீரென்று ஓர் எண் புழக்கத்துக்கு வந்தது: 42. ரொட்டி சானாய் போடுகிறவரிலிருந்து நாசி லெமாக் கட்டி விற்கும் அக்கா வரைக்கும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். சமையல் எரிவாயுவை ஒரே நேரத்தில் 42 கிலோவுக்கு மேல் வைத்துப் பயன்படுத்தும் வியாபாரிகளுக்கு அனுமதி தேவை என்பது விதி. 14 கிலோ தோம்பு கணக்கில் மூன்று தோம்பு. 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்த விதிகள் 2021 அக்டோபரிலேயே திருத்தப்பட்டவை. மூன்றரை வருடமாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மே 1ஆம் தேதி 'ஓப்ஸ் காசாக்' என்ற பெயரில் உள்நாட்டு வாணிப அமைச்சு ஆறு மாத அமலாக்க நடவடிக்கையைத் தொடங்கியபோதுதான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது.

கணக்கு எளிமையானது. மானிய விலையில் ஒரு கிலோ 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. மானியம் இல்லாத அதே அளவு தோம்பு ஏறக்குறைய 70 வெள்ளி. இரண்டு நாளைக்கு ஒரு தோம்பு தீர்க்கிற கடைக்கு மாதத்துக்கு அறுநூறு வெள்ளிக்கு மேல் கூடுதல் செலவு. எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களுக்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. சிறு வியாபாரிகள் மானிய எரிவாயுவையே பயன்படுத்தலாம், விதிகளைத் திருத்துகிறோம் என்றது. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

எனக்கு அது முடிந்ததாகத் தெரியவில்லை. அந்த நாட்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு கேள்விதான் காரணம். "கவர்மெண்டுக்கு நம்ம அடுப்புல என்னா வேலை?"

கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. வீடு என்பது அரசாங்கத்தின் கை நுழையக்கூடாத இடம், அதிலும் அடுப்பங்கரை வீட்டுக்குள் வீடு. அங்கே என்ன எரிய வேண்டும் என்று யாரோ ஒருவர் புத்ராஜெயாவில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்கலாமா? இதே கேள்வியை அமெரிக்காவில் இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். 2019இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர மன்றம், புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் இணைப்பே கூடாது என்று விதி போட்டது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். நம் ஊரில் போலவே அங்கேயும் உணவகக்காரர்கள்தான் எதிர்த்தார்கள். கலிபோர்னியா உணவகச் சங்கம் வழக்குப் போட்டு 2023இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. அதே வருடம் ஜனவரியில் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணைய உறுப்பினர் ஒருவர், கேஸ் அடுப்பைத் தடை செய்வதையும் யோசிக்கலாம் என்று ஒரு வார்த்தை விட்டார். நாடே கொந்தளித்தது. தடை செய்யும் எண்ணமே இல்லை என்று ஆணையத் தலைவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அங்கே விவாதத்தின் அடியில் இரண்டு உண்மைகள் இருந்தன. கேஸ் தீ நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது, மூடிய சமையலறையில் அது குழந்தைகளின் நுரையீரலுக்கு நல்லதல்ல. எரிவாயு பருவநிலையையும் கெடுக்கிறது. எதிர்த்தரப்பிடம் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிவைத்த பழைய வாதம் இருந்தது: ஒருவன் செய்வது அடுத்தவருக்குத் தீங்காகாத வரை அவனை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. என் வீடு, என் அடுப்பு, என் நுரையீரல்.

இந்த வாதம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வீடும் அடுப்பும் உண்மையிலேயே 'என்னுடையதாக' இருக்க வேண்டும். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே சபா பெர்ணம் வரை, கிழக்கே பெஸ்தாரி ஜெயா வரை உள்ள தோட்டங்களில் பிறந்தவர்களின் குடும்பக் கதையை எடுத்துப் பார்த்தால் இந்த இடத்தில்தான் சிக்குகிறது.

லயத்து வீட்டின் அடுப்பு எப்போதாவது அதில் சமைத்தவளுடையதாக இருந்ததா? வீடு தோட்டத்துடையது. சமையல்கட்டு வீட்டுக்குப் பின்னால் எங்கே இருக்க வேண்டும், எத்தனை அடி, புகை போக வழி உண்டா என்பதை வரைபடம் போட்டவர் முடிவு செய்தார். விறகு தோட்டத்து மரம். பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் காலத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பத்து ஆராங்கில் தோண்டிய நிலக்கரி ரயிலையும் மின்நிலையத்தையும் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே லயங்களில் பெண்கள் ரப்பர் விறகை ஊதிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை மட்டை விறகுக்கு ஆகாது. மண்ணெண்ணெய் அடுப்பும் அதன் பின்னால் கேஸும் வந்ததில் வசதிக்கு ஒரு பங்கு உண்டு, நிலத்தில் எந்த மரம் நிற்க வேண்டும் என்று கம்பெனி எடுத்த முடிவுக்கும் ஒரு பங்கு உண்டு. மின்சாரமும் அப்படித்தான். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடுகிற சில மணி நேரம்தான் வெளிச்சம். எந்த அடுப்பில் சமைப்பது என்று பாட்டிமார்கள் உட்கார்ந்து 'தேர்வு' செய்யவில்லை. எது கிடைத்ததோ அதில் உலை வைத்தார்கள்.

அந்தச் சமையலறைக்குள் அரசாங்கம் வெகுகாலம் எட்டிப் பார்க்காமலேயே இருந்தது. அதனால் அது சுதந்திரமான சமையலறை ஆகிவிடவில்லை. அங்கே நிர்வாகம் இருந்தது, மேனேஜர் இருந்தார், கிராணி இருந்தார். கூரை ஒழுகினாலும் புகை சூழ்ந்தாலும் கேட்க வேண்டியது அவர்களைத்தான், அவர்கள் தலையாட்டினால்தான் உண்டு. 1966இலும், பின்னர் 1990இலும் தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டங்கள் வந்தபோது, அவை தொழிலாளிக்கும் அவர் அடுப்புக்கும் இடையில் நுழையவில்லை. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையில் நுழைந்தன. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். இன்ன வசதி இல்லாமல் வீடு கொடுக்காதே என்று கொடுக்கிறவனிடம் சொன்னது சட்டம். சொன்னபடி எல்லாம் நடந்ததா என்பது வேறு கதை. நடக்கவில்லை என்பதற்கு ஒழுகின கூரைகளே சாட்சி. ஆனாலும் முறையிட ஓர் எழுத்து இருந்தது.

ஆகவே "அரசாங்கம் அடுப்பங்கரைக்குள் வரலாமா?" என்ற கேள்வியை நான் இப்படித் திருப்பிப் போடுகிறேன்: அரசாங்கம் வராவிட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? சொந்த நிலத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டவருக்கு "யாருமில்லை, நான்தான்" என்பது பதிலாக இருக்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு, கம்பெனி வீட்டில் இருப்பவருக்கு, மலிவு விலை அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருப்பவருக்கு அந்தப் பதில் கிடையாது. அவர்கள் அடுப்பைச் சுற்றி வீட்டு முதலாளி, மேம்பாட்டாளர், கேஸ் கம்பெனி, வேலை கொடுத்தவர் என்று ஏற்கனவே பல கைகள் இருக்கின்றன. சட்டம் விலகி நின்றால் அந்தக் கைகளில் எது பலமோ அது தீர்மானிக்கும்.

இதைச் சொல்வதால் எல்லா விதியும் நல்ல விதி என்று நான் வாதிடுவதாக நினைத்துவிடக் கூடாது. 42 ஏன் அவ்வளவு கசந்தது? அது பலமான கைகளை விட்டுவிட்டுப் பலவீனமான கையைப் பிடித்தது என்ற உணர்வுதான் காரணம். இங்கே எனக்குப் பொறியியல் படிப்பு கொஞ்சம் உதவுகிறது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். இயல்பில் அதற்கு வாசனையும் கிடையாது. நாம் 'கேஸ் நாத்தம்' என்று சொல்வது, கசிவு மூக்குக்குத் தெரியட்டும் என்று கம்பெனி வேண்டுமென்றே கலக்கும் மெர்காப்டான் என்ற பொருளின் நாற்றம். காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். நிறைந்த 14 கிலோ தோம்பு முழுவதும் வாயுவானால் ஆறு, ஏழு கன மீட்டர் வரும். 2 விழுக்காட்டுக் கணக்கில் பார்த்தால் முந்நூறு கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். 700 சதுர அடி மலிவு விலை வீடு இரண்டை நிரப்பும் காற்று அது. ஆகவே அடுப்பு 'என் சொந்த விஷயம்' என்ற வாதம் அடுக்குமாடியில் சுவரோடு சேர்ந்து விழுந்துவிடுகிறது. மில் கேட்ட அடுத்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆபத்தில் சமைக்கிறவரின் கைக்கு எட்டுவது எது? வால்வை மூடலாம், குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்கலாம், நாற்றம் வந்தால் சன்னலைத் திறக்கலாம். எட்டாதது எது? தோம்புக்குள் என்ன கலவை, வால்வின் தரம் என்ன, கடையில் விற்கிற ரெகுலேட்டர் அசலா போலியா, சமையலறையில் தரைமட்டத்தில் காற்றோட்டம் வைத்தார்களா, தோம்பை வீட்டுக்கு வெளியே வைக்க இடம் விட்டார்களா. பட்டியலில் எட்டாதவைதான் அதிகம். அவை ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவரின் கைக்கு நன்றாகவே எட்டும்.

இலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அந்த நாட்டில் வீடு வீடாகக் கேஸ் அடுப்புகள் வெடித்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள், உயிரிழப்புகளும் உண்டு. குழாயைப் பாருங்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள் என்றுதான் முதலில் மக்களுக்குச் சொல்லப்பட்டது. குழாயிலும் ரெகுலேட்டரிலும் பழுது இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே குழாயும் அதே ரெகுலேட்டரும் அதற்கு முந்தைய வருடம் அப்படி வெடிக்கவில்லையே? ஜனாதிபதி அமைத்த நிபுணர் குழு, தோம்புக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதை முக்கியக் காரணமாகக் காட்டியது. புரொப்பேன் கூடினால் தோம்புக்குள் அழுத்தம் கூடும், பழைய இணைப்புகள் தாங்காது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த பெண்ணுக்கு அந்தக் கலவையை அறிய எந்த வழியும் கிடையாது. விதி என்ற ஒன்று வேண்டியிருப்பதே அந்த இடத்தில்தான். அது பேச வேண்டிய முகவரி அவள் வீடல்ல, தோம்பை நிரப்பும் ஆலை.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல் இதுதான். ஒரு விதியின் பாரம், ஆபத்தை மாற்றும் சக்தி யார் கைக்கு எட்டுகிறதோ அவர் தலையில் இறங்க வேண்டும். எட்டாத கைக்கு அபராதம் போட்டால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, அது வசூல்.

உடனே ஓர் எதிர்வாதம் வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 42 கிலோ விதி உயிர்ப் பாதுகாப்புக்கு வந்த விதியல்ல, மானியப் பணத்துக்கு வந்த விதி. வீடுகளுக்கென்று ஒதுக்கிய மானியத்தைப் பெரிய உணவகங்கள் எரித்தால், அது தோட்டத்து அக்காவின் பணத்தையும் சேர்த்துத்தான் எரிக்கிறது. அந்தக் கசிவை அடைக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் இங்கே 'வீடு', 'வியாபாரம்' என்று இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன என்று விதி நினைக்கிறது. நம் பக்கத்து வாழ்க்கை அந்த இரண்டு பெட்டிக்குள் அடங்குவதில்லை. புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ தாமானில் குடியேறிய ஓர் அக்காவை வைத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டு அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. அதில் பாதி பிள்ளைகளின் பசியாறைக்கு, மீதி முச்சந்தியில் மேசை போட்டு விற்கிற தோசைக்கு. தீபாவளி வந்தால் அதே அடுப்பில் முறுக்கு, அதிரசம். அந்தத் தோம்பில் எத்தனை கிலோ வீடு, எத்தனை கிலோ வியாபாரம்? தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனபோது நம் பெண்கள் பலர் கையில் மிஞ்சிய ஒரே மூலதனம் அடுப்புதான். அதைக் குடும்பமாகவும் தொழிலாகவும் ஒரே நேரத்தில் எரித்துத்தான் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினார்கள்.

ஆகவே சிறு வியாபாரிகளுக்கு விலக்கு கொடுத்தது சரி. எனக்கு உறுத்துவது அந்த விலக்கை நாம் கொண்டாடிய விதம். "விட்டுட்டாங்கப்பா" என்று பெருமூச்சு விட்டதோடு எல்லாவற்றிலிருந்தும் விடுதலை என்பதுபோல் நடந்துகொண்டோம். பணத்துக்கான விதியில் ஏழைக்கு விலக்கு கொடுக்கலாம். உயிருக்கான விதியில் விலக்கு கொடுத்தால் அது சலுகையாகாது, கைவிடுதல். ஒட்டுக்கடையில் மேசைக்கு அடியில் மூன்று தோம்பு, வெயிலில் காய்ந்து வெடித்த குழாய், பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. தீ யாருடைய வருமானச் சான்றிதழையும் கேட்காது. "பாவம் சின்ன வியாபாரம், பார்த்தும் பார்க்காம விட்டுடுவோம்" என்று அதிகாரி திரும்பிப் போவதில் இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த இரக்கத்தின் விலையைச் செலுத்துவது அவரில்லை.

சரி, கண்டிப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் செலவு யாருடையது? மீண்டும் அதே அளவுகோல்தான். தோம்பு கம்பெனியுடையது, நாம் உள்ளே இருக்கும் வாயுவுக்குத்தான் காசு கொடுக்கிறோம். ஒவ்வொரு முறை தோம்பு மாற்ற வரும்போதும் குழாயையும் ரெகுலேட்டரையும் ஒருவர் பார்க்க முடியும், குறித்த காலத்துக்கு ஒருமுறை இலவசமாக மாற்றித் தர முடியும். எரிவாயு விநியோகச் சட்டம் 1993இலிருந்தே இருக்கிறது. எரிசக்தி ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. போலி ரெகுலேட்டரை இறக்குமதி செய்கிறவனைப் பிடிப்பது, அதை வாங்கின பாட்டியைத் திட்டுவதைவிடக் கடினம்தான். கடினமானதைச் செய்யத்தானே அரசாங்கம்?

2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அந்தத் தீ எந்த வீட்டு அடுப்பிலிருந்தும் வரவில்லை. குழாய் எங்கே ஓட வேண்டும், அதன் பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் வீடு கட்டலாம் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் யாரும் கேட்டதில்லை. ஒரே மாதம் கழித்து நாட்டின் கவனம் ஒட்டுக்கடைத் தோம்புகளின் மேல் திரும்பியது. திட்டமிட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது பெரிய ஆபத்து, எதை எண்ணுவது சுலபம் என்பவை இரண்டும் வேறு வேறு என்று அந்த இரண்டு மாதங்களும் காட்டிவிட்டன. மூன்று தோம்பை எண்ணுவது சுலபம்.

நாம் பேசத் தயங்கும் இன்னொரு அடுப்பும் இருக்கிறது. நம் பாட்டிமார் விட்டுவந்த லயங்களில், இடிக்காமல் மிச்சமிருப்பவற்றில், இன்று இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் சமைக்கிறார்கள். முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமாக இருந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூனிலிருந்து எல்லாத் துறைத் தொழிலாளர் விடுதிகளுக்கும் விரிந்தது. மெத்தை குறைந்தது 4 அங்குல கனம், விடுதியில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் இடம் என்று அதன் விதிகள் அளந்து சொல்கின்றன. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மெத்தையின் கனத்தை அளக்க ஒரு சட்டம் இறங்கி வருகிறது என்றால், அந்த மெத்தையில் ஒருவர் உடம்பு வலிக்கப் படுத்திருந்தார் என்பதை யாரோ ஒரு கட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். நம் பாட்டிகளுக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும் கிடைத்த பாதுகாப்பு அது. இப்போது அதே வாசற்படியில் நிற்பவர்களுக்கு அது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இது வெறும் இரக்கம் சார்ந்த விஷயமல்ல. மானியங்கள் இனி அடையாள அட்டை வழியாகத்தான் போகும் என்ற திசை தெரிகிறது. 2025 செப்டம்பர் கடைசியில் பெட்ரோலுக்கு வந்த பூடி95 திட்டம் அப்படித்தான் மைகாட்டை வைத்து நடக்கிறது. நாளை கேஸும் அந்த வழியில் போகலாம். அப்படிப் போனால் வெளிநாட்டுத் தொழிலாளியின் அடுப்பு மட்டும் வெளியே நிற்காது. இந்த மண்ணிலேயே பிறந்து, வாழ்நாள் முழுக்கப் பால் மரம் வெட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பெரியவர்களின் அடுப்பும் வெளியேதான் நிற்கும். அட்டையின் நிறத்தைப் பார்த்து உலை கொதிப்பதில்லை. பசிக்குத் தகுதி பார்க்கக் கூடாது என்று வடலூரில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு ஏதாவது பொருள் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில் சோதிக்கப்படும்.

எப்படியும் அடுத்த விதி வரும். கேஸை விட்டு மின்சார அடுப்புக்கு மாறச் சொல்லலாம், தோம்புக்குப் பதிவு கேட்கலாம், கட்டடத்துக்குக் கட்டடம் புதுத் தரம் வைக்கலாம். அன்றைக்கும் இரண்டு கூட்டம் இருக்கும். சட்டம்னா சட்டம்தான் என்று ஒன்று, எங்க அடுப்புல கை வைக்காதே என்று மற்றொன்று. இரண்டில் ஒன்றில் சேர்ந்துகொள்வதற்கு முன் மூன்று விஷயத்தை மட்டும் கேட்டுப் பார்ப்போம். இது பணத்துக்கான விதியா, உயிருக்கான விதியா? இதை நிறைவேற்றும் சக்தி யார் கைக்கு எட்டுகிறது? செலவை யார் கட்டுகிறார்கள்? மூன்றுக்கும் ஒரே ஆள் பதிலாக வந்தால், அந்த ஆள் விடியற்காலை நான்கு மணிக்குச் சாம்பார் வைக்கிறவராக இருந்தால், அந்த விதியை எதிர்ப்போம். கம்பெனியும் வீட்டு முதலாளியும் முணுமுணுத்தால், கொஞ்சம் நின்று படித்துப் பார்ப்போம். அது நமக்காக எழுதப்பட்டதாக இருக்க வாய்ப்பு உண்டு.